அரைப் போத்தல் தண்ணீரில் தொடங்கும் பழுது

அவுட்போர்ட் எஞ்சின் மாட்டிய படகுக்காரர்களுக்கு இந்தக் கட்டுரை பெரிதாக உதவாது. அந்த எஞ்சின் ஆற்று நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள சிறு துளை வழியாக வெளியே பீய்ச்சிவிடுகிறது. உள்ளே தனிக் கூலண்ட் என்று ஒன்றும் இல்லை. கெடாவின் செமிலிங் ஜெட்டியிலிருந்து மெர்போக் ஆற்றுச் சதுப்புக்காட்டைச் சுற்றிக்காட்ட ஆள் ஏற்றிப் போகிறவர்கள், மீன் கூண்டுகளுக்குச் சாமான் கொண்டுபோகிறவர்கள், தஞ்சோங் டாவாய் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவர்கள் ஆகியோரில், உள்ளே டீசல் எஞ்சின் பொருத்தியவர்களுக்காகத்தான் இது.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்தால் கூலண்ட் ஒரு விரல்கடை இறங்கியிருக்கிறது. அடியில் எங்கும் ஈரம் இல்லை. "அரைப் போத்தல் தண்ணி ஊத்துங்க அண்ணே, ஓடும்" என்று பக்கத்துப் படகிலிருந்து குரல் வரும். ஊற்றினால் ஓடவும் செய்யும். அடுத்த வாரமும் ஓடும். பழுது யார் கண்ணிலும் படாமல் வளர்வதற்கு வேண்டிய அவகாசம் இப்படித்தான் கிடைக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகுகிறது என்று வையுங்கள். சுமார் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். அப்படியானால் மணிக்கு 180 மில்லிலிட்டர். ஆறு மணி நேரம் ஓடிய எஞ்சின் ஒரு லிட்டருக்கு மேல் இழந்திருக்கும். ஆனால் சூடான இரும்பின்மேல் விழும் சொட்டு அடியை எட்டுவதற்குள் ஆவியாகிவிடும். எட்டியது கொஞ்சநஞ்சம் இருந்தால் அதைப் படகின் அடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரோடு சேர்த்து பில்ஜ் பம்ப் வெளியே தள்ளிவிடும். எனவே 'அடியில் ஈரம் இல்லை' என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது கணக்கு இன்னும் மோசமானது. எஞ்சினில் 20 லிட்டர் கூலண்ட் பிடிக்கும், அதில் பாதி எத்திலீன் கிளைக்கால், பாதி தண்ணீர் என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் ஒழுகி, அரை லிட்டர் வெறும் தண்ணீர் ஊற்றப்படுகிறது. 28-வது முறை ஊற்றி முடிக்கும்போது 50 சதவீதமாக இருந்த கிளைக்கால் 25 சதவீதத்துக்கும் கீழே போயிருக்கும். அதோடு கரைந்திருந்த துருத்தடுப்பு மருந்துகளும் அதே வேகத்தில் பாதியாகியிருக்கும். மட்டம் மட்டும் தினமும் 'ஃபுல்' காட்டும்.

"இங்கே என்ன பனியா பெய்கிறது, கூலண்ட் எதற்கு?" என்று கேட்பவர்கள் கெடாவில் நிறைய உண்டு. கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். உறையாமல் காப்பது கூலண்டின் வேலைகளில் ஒன்றுதான். நமக்கு அது தேவையே இல்லை. நமக்குத் தேவையானவை மற்ற இரண்டு: கொதிநிலையை உயர்த்துவது, உலோகத்தை அரிக்கவிடாமல் காப்பது. டீசல் எஞ்சினில் இந்த இரண்டாவது வேலைக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பல லோரி எஞ்சின்களிலும் படகு எஞ்சின்களிலும் சிலிண்டர் லைனரின் வெளிப்பக்கம் நேராகக் கூலண்டில் நனைந்திருக்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் பிஸ்டன் பக்கவாட்டில் இடிக்க, லைனர் அதிர்கிறது. அந்த அதிர்வில் அதன் வெளிப்பரப்பில் நுண்ணிய ஆவிக் குமிழ்கள் உண்டாகி, உடனே உள்ளொடுங்கி உடைகின்றன. உடையும் இடத்தில் உலோகம் துணுக்குத் துணுக்காகப் பெயர்கிறது. கூலண்டில் உள்ள மருந்து லைனரின் மேல் ஒரு மெல்லிய படலம் இட்டு இதைத் தாங்குகிறது. மருந்து நீர்த்துப்போனால் படலம் இல்லை. குண்டூசி முனை அளவு குழிகள் ஆழமாகிக்கொண்டே போய், ஒருநாள் லைனரைத் துளைத்துவிடும். அதற்குப்பின் கூலண்ட் எண்ணெய்த் தொட்டிக்குள் போகும்.

ஆக, ஒரு ஹோஸ் கிளிப்பில் தொடங்கிய ஒழுக்கைச் சமாளிக்க ஊற்றிய தண்ணீரே, எஞ்சினின் உள்ளே இரண்டாவது ஓட்டையைத் தோண்ட ஆரம்பிக்கிறது. கிளிப்பின் விலை சில ரிங்கிட். லைனர் மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டிவரும்.

இந்த ஊற்றிக்கொண்டு ஓட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், படகிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. தோட்டத்து லோரியும் டிராக்டரும் ஓட்டியவர்களுக்கு ஒரு டின் தண்ணீர் எப்போதும் வண்டியில் இருக்கும். சூடேறினால் ரப்பர் மர நிழலில் நிறுத்தி, ஆறவிட்டு, ஊற்றி, ஓட்டிப் போவார்கள். தரையில் அது அவ்வளவு பெரிய குற்றமில்லை. நின்ற இடத்தில் வண்டி நிற்கும். முகத்துவாரத்தில், நீர் வற்றும் நேரத்தில் எஞ்சின் நின்றால் படகு நின்ற இடத்தில் நிற்காது. போதாததற்கு, பழைய லோரி எஞ்சினை வாங்கிப் படகுக்கு ஏற்றவாறு மாற்றிப் பொருத்துவதும் இங்கே உண்டு. எஞ்சினோடு பழக்கமும் படகேறிவிட்டது.

லோரி எஞ்சின் படகேறும்போது ஒன்று மாறுகிறது. ரேடியேட்டர் போய்விடுகிறது. அதன் இடத்தில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வருகிறது: ஓர் உருளைக்குள் மெல்லிய குழாய்க் கட்டு. குழாய்களுக்குள் ஆற்று நீர் ஓடும், வெளியே கூலண்ட் ஓடும். இரண்டும் கலக்காமல் வெப்பம் மட்டும் கைமாறும். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது செம்பு நிக்கல் கலந்த மெல்லிய குழாய்ச் சுவர் ஒன்றுதான். வெப்பம் வாங்கிய ஆற்று நீர் பெரும்பாலும் புகைக்குழாயில் கலந்து வெளியே போய்விடும்.

படகில் ஒழுக்கைப் பிடிப்பது கடினமாக இருப்பதற்கு இந்த அமைப்பே காரணம். எஞ்சின் ஓடும்போது கூலண்ட் பக்கம் அழுத்தம் அதிகம், ஆற்று நீர்ப் பக்கம் பொதுவாகக் குறைவு. குழாய்ச் சுவரில் ஊசித்துளை விழுந்தால் கூலண்ட் ஆற்று நீருக்குள் போய், புகையோடு சேர்ந்து வெளியேறிவிடும். அடியில் ஒரு சொட்டு விழாது. எஞ்சினை நிறுத்தியபின் நிலைமை தலைகீழாகலாம். கூலண்ட் ஆறிச் சுருங்கும்போது உள்ளே இழுவிசை உண்டாகி, அதே துளை வழியாக உப்பு நீர் உள்ளே வரும். அதனால் மட்டம் தானாக உயர்ந்திருப்பதைப் பார்த்து மகிழ்ச்சி அடைய வேண்டாம். இறங்குவதைவிட அது கெட்ட செய்தி.

மெர்போக் ஆற்றுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. இந்த ஆற்றின் கீழ்ப்பகுதி முழுக்கக் கடலின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்டது. மேலேறும் நீர் உப்பு, மழை பெய்தால் நீர் இனிப்பு, எப்போதும் சேறு. குழாய்களைக் காப்பதற்காக ஹீட் எக்ஸ்சேஞ்சரில் திருகி வைக்கும் துத்தநாகக் கட்டை நல்ல உப்புக் கடலில் தன்னைக் கரைத்துக்கொண்டு செம்பைக் காக்கும். உப்புக் குறைந்த நீரில் நாட்கணக்கில் கிடந்தால் துத்தநாகத்தின் மேல் ஒரு தோல் படிந்து அது வேலை செய்வதை நிறுத்திவிடும். கழற்றிப் பார்ப்பவருக்கு முழுசாக, புதுசுபோல இருக்கும். "கட்டை கரையவே இல்லை, அப்படியானால் அரிப்பே இல்லை" என்று மறுபடியும் திருகிவிடுவார். கரையாத கட்டை காக்காத கட்டை. கலப்பு நீருக்கு அலுமினியக் கலவைக் கட்டை பொருந்தும். செமிலிங் மாதிரி ஆற்றுக்குள் கட்டிவைக்கும் படகுகளுக்கு அதைத்தான் நான் சொல்வேன்.

வெளிப்பக்க ஒழுக்கு எவ்வளவு சாதுவாக ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்பதற்குப் படகைவிடப் பெரிய எஞ்சின் ஒன்றைப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையம் இருக்கிறது. அங்கே அணு உலையைக் குளிர்விக்கும் நீரில் போரிக் அமிலம் கலந்திருக்கும். உலையின் மூடியில் உள்ள ஒரு குழாயில் விரிசல் விழுந்து அந்த நீர் மெல்லக் கசிந்தது. நிமிடத்துக்கு ஒரு கேலன் வரை இடம் தெரியாத கசிவு இருக்கலாம் என்பது அங்கே விதி. கசிவு அந்த எல்லைக்குள்ளேயே இருந்தது. கசிந்த நீர் ஆவியாகி, அமிலம் உப்புபோலப் பொருக்குத் தட்டியது. 2000-ஆம் ஆண்டு பராமரிப்பின்போது எடுத்த படத்தில் உலை மூடியிலிருந்து துருச் சிவப்பில் அந்தப் பொருக்கு வழிந்து நிற்பது தெரிகிறது. ஒரு பகுதியைக் கழுவினார்கள், மீதியை விட்டுவிட்டு உலையை ஓட்டினார்கள். கட்டடத்துக்குள் காற்றைச் சோதிக்கும் கருவிகளின் வடிகட்டிகள் துருத்தூளால் அடைத்துக்கொண்டே இருந்தன. அவற்றை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2002 மார்ச்சில் மூடியைச் சரியாகப் பார்த்தபோது, சுமார் 17 சென்டிமீட்டர் கனமுள்ள எஃகு ஓரிடத்தில் முழுக்கத் தின்னப்பட்டிருந்தது. உள்ளே ஒட்டியிருந்த, 1 சென்டிமீட்டர்கூட இல்லாத துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஒன்றுதான் உலையின் அழுத்தம் முழுவதையும் தாங்கிக்கொண்டிருந்தது. நிலையம் 2004 வரை மூடிக் கிடந்தது.

எனக்கு இதில் வியப்பு அமிலத்தின் மேல் இல்லை, வடிகட்டியின் மேல்தான். படித்த பொறியாளர்கள் துருத்தூள் எங்கிருந்து வருகிறது என்று தேடாமல் வடிகட்டியை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நாம் அரைப் போத்தல் ஊற்றுவதும் அந்த வேலைதான்.

படகு எஞ்சினிலும் பொருக்குதான் முதல் சாட்சி. கூலண்ட் சொட்டிக் காய்ந்த இடத்தில் பச்சை, சிவப்பு, வெள்ளை என்று ஒரு படிவு நிற்கும். ஹோஸ் கிளிப்பின் விளிம்பில், தண்ணீர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் இரு முனை மூடிகளின் ரப்பர் வளையத்தில், ஹெட் கேஸ்கெட்டின் ஓரத்தில் அதைத் தேட வேண்டும். தண்ணீர் பம்பின் அந்தத் துளை உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று சொல்வதற்காகவே வைத்தது. அதில் சொட்டுகிறது என்று பசை வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் கூலண்ட் பேரிங்குக்குள் போகும், அவ்வளவுதான். எஞ்சினைக் கழுவிப் பெயின்ட் அடிக்கும் ஆசை உள்ளவர்கள் ஒழுக்கைக் கண்டுபிடித்தபின் அடிக்கட்டும்; முதலில் கழுவினால் சாட்சி போய்விடும். படிவைப் படம் எடுத்துவைத்துவிட்டு, பிறகு துடைத்து, உலர்த்தி, எஞ்சினுக்கு அடியில் வெள்ளை அட்டை விரித்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது நல்ல வழி.

இப்போது மீட்டர். பலர் நம்பியிருப்பது அதைத்தான்: "சூடு ஏறினா முள்ளு ஏறும், பஸ்ஸர் அடிக்கும், அப்ப பார்த்துக்கலாம்." வெப்பத்தை உணரும் சென்சர் கூலண்டில் மூழ்கியிருக்கும்வரைதான் இது சரி. மட்டம் இறங்கி, சென்சர் இருக்கும் இடத்தில் காற்றோ ஆவியோ தங்கிவிட்டால், அது உலோகத்தின் உண்மையான சூட்டைச் சொல்லாது. ஹெட் வெந்துகொண்டிருக்கும்போது முள் நடுவில் நிற்கலாம், கீழே இறங்கவும் செய்யலாம். முள் திடீரென்று இறங்கினால் 'சூடு குறைந்துவிட்டது' என்று ஓட்டுவது இயல்பு. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது எஞ்சினை நிறுத்துவது.

1979 மார்ச் 28 விடியற்காலை, பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் நடந்தது இதே ஏமாற்றம். அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்று திறந்தபடி சிக்கிக்கொண்டது. அதன் வழியே குளிர்விக்கும் நீர் போய்க்கொண்டே இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கு, வால்வை மூடச் சொல்லி உத்தரவு போனதை மட்டும் காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. நீர்மட்டம் காட்டும் இன்னொரு கருவி 'நிறைய இருக்கிறது' என்றது. அதை நம்பிய பணியாளர்கள், தானாக ஓடத் தொடங்கியிருந்த அவசர நீரைக் குறைத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வால்வு திறந்தே கிடந்தது. உலையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது. அங்கே பொய் சொன்ன கருவி எதுவும் இல்லை. தான் இருக்கும் இடத்தில் உள்ளதை ஒவ்வொன்றும் சரியாகத்தான் சொன்னது.

படகில் இதற்கு மாற்று விலை அதிகமில்லாதது. கூலண்ட் மட்டத்தையே பார்க்கும் தனி அலாரம் ஒன்றை மேல்தொட்டியில் வைக்கலாம். வெப்பத்தைச் சிலிண்டர் ஹெட்டின் உலோகத்தில் திருகும் சென்சர் கொண்டு அளக்கலாம். இரண்டும் இல்லாதவர் காலையில் ஆறிய எஞ்சினில் மட்டத்தைக் கோடு போட்டுக் குறித்து, எத்தனை மணி ஓடியது, எவ்வளவு ஊற்றியது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். எழுதினால்தான் 'கொஞ்சம் குறையுது' என்பது 'பத்து மணிக்கு 300 மில்லி' என்று மாறும். பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் பெங்கெல்காரருக்கு இரண்டாவது வாக்கியம்தான் பயன்படும்.

தேடலின் முக்கிய ஆயுதம் கைப்பம்ப். கூலண்ட் தொட்டியின் மூடிக்குப் பதிலாகப் பொருத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே உள்ளே அழுத்தம் ஏற்றும் கருவி. மூடியில் எழுதியுள்ள அளவுக்கு மேல் ஏற்றக்கூடாது. ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். முள் இறங்காவிட்டால் முதலில் மூடியைச் சந்தேகப்படுங்கள். அதன் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் எஞ்சின் சூடாகும்போது கூலண்ட் அமைதியாக வெளியேறும். மூடியையும் அதே கருவியில் சோதிக்கலாம். மூடியின் அழுத்தம் சும்மா வைத்ததல்ல. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 1 பார் மூடி போட்டால் 130 டிகிரியை நெருங்கும்வரை கொதிக்காது. மூடி கெட்டால் அந்த இருபது டிகிரிப் பாதுகாப்பும் போய்விடுகிறது.

இதையே திருப்பிப் பார்த்தால் ஓர் எச்சரிக்கை கிடைக்கும். அழுத்தத்தில் 115 டிகிரியில் திரவமாக இருக்கும் கூலண்ட், நீங்கள் மூடியைத் திறந்த கணத்தில் கொதித்துப் பீறிடும். முகத்திலும் மார்பிலும் வெந்துபோன மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். துணி போட்டுத் திறந்தாலும் பயனில்லை. ஹோஸைக் கையால் அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும், அதுவரை தொடாதீர்கள்.

கைப்பம்பின் முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் ஒழுக்கு உள்ளே போகிறது. பயப்பட வேண்டிய ஒழுக்கு அதுதான், அது போகக்கூடிய இடம் மூன்று. ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகப் போகிறதா என்று பார்க்க, ஆற்று நீர்ப் பக்கத்தைக் காலி செய்து, ஹோஸைக் கழற்றிவிட்டு, கூலண்ட் பக்கம் அழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டும். காலியாக இருக்க வேண்டிய பக்கத்தில் நிறமுள்ள சொட்டு வந்தால் முடிந்தது தேடல். எண்ணெய்க்குள் போகிறதா என்பதை டிப்ஸ்டிக் சொல்லும்: எண்ணெய் மட்டம் ஏறியிருக்கும், நிறம் வெளிறிய பழுப்பாக, நுரைத்திருக்கும். அந்த நிலையில் ஓட்டினால் பேரிங்குகள் போகும். நிறம் மாறுவதற்கு முன்பே தெரிய வேண்டுமானால் எண்ணெயைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறியிருந்தால் கூலண்ட், சோடியமும் மக்னீசியமும் ஏறியிருந்தால் கடல்நீர் என்று ஓரளவுக்குப் பிரித்துச் சொல்வார்கள். எண்ணெய்க் கூலரில் ஓட்டை என்றால் எதிர்த்திசையிலும் நடக்கும். ஓடும் எஞ்சினில் எண்ணெயின் அழுத்தம் அதிகம் என்பதால் கூலண்ட் தொட்டியில் கருஞ்சேறு மிதக்கும்.

மூன்றாவது இடம் சிலிண்டர். ஹெட் கேஸ்கெட்டோ லைனரோ விட்டுக்கொடுத்திருந்தால் புகை வெண்மையாக, லேசான இனிப்பு வாடையோடு வரும். எஞ்சின் ஓடும்போது தொட்டியில் விடாமல் குமிழ் வரும். இரவெல்லாம் நின்ற படகில், ஒரு சிலிண்டருக்குள் கூலண்ட் தேங்கியிருக்கலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. காலையில் சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரே சத்தத்தில் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இந்தச் சந்தேகம் இருந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்ற வேண்டும்.

ஒழுக்கு அடைக்கும் பொடி, திரவம் என்று கடையில் போத்தலில் விற்பதைப் பற்றி: ரேடியேட்டருக்காகச் செய்தவை அவை. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய வழிகளையும் எண்ணெய்க் கூலரையும் ஓட்டையையும் அவற்றுக்குப் பிரித்துத் தெரியாது. கரை சேர்வதற்கு வேறு வழியே இல்லாதபோது தவிர எதற்கும் உதவாது. இரண்டு வேறு நிறக் கூலண்டைக் கலப்பதும் இதே ரகம். சில கலவைகள் கூழாகிவிடும். நிறத்துக்குப் பொதுவான தரம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் சிவப்பும் இன்னொரு நிறுவனத்தின் சிவப்பும் வேறு வேறு மருந்தாக இருக்கலாம்.

"ஆள் ஏத்தியாச்சு, போய் வந்து பார்த்துக்கலாம்." கசிவு தெரிந்தபின் சொல்லப்படும் இந்த வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்பதை இலங்கைக் கடல் கண்டது. எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் கட்டி முடித்துச் சில மாதங்களே ஆனது. 2021 மே 11 அன்று ஒரு கொள்கலனிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிவதை மாலுமிகள் கண்டார்கள். கத்தாரின் ஹமாத் துறைமுகமும் குஜராத்தின் ஹசீரா துறைமுகமும் அந்தக் கொள்கலனை இறக்க வசதியில்லை என்றன. கப்பல் கசிவோடே கொழும்புக்கு வந்து வெளிக்கடலில் நங்கூரமிட்டது. மே 20 தீப்பிடித்தது, ஜூன் தொடக்கத்தில் மூழ்கியது. பிளாஸ்டிக் குருணை நீர்கொழும்புக் கடற்கரை முழுவதும் ஒதுங்கி, மீனவர்களுக்குக் கடலே மூடப்பட்டது. அந்த மாலுமிகளாவது இறக்க இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. செமிலிங்கில் படகு கட்டுத்தறியிலேயே இருக்கிறது. அவிழ்க்காமல் இருக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. என் கணக்கு எளிது. வெளி ஒழுக்கு, இடம் தெரியும், அளவு தெரியும் என்றால் சரிசெய்யும்வரை ஆள் ஏற்றாமல் ஜெட்டிக்கு அருகே ஓட்டிப் பார்க்கலாம். அழுத்தம் இறங்குகிறது, இடம் தெரியவில்லை என்றால் ஸ்டார்ட்டே செய்யக்கூடாது.

கடைசியாக, எஞ்சினுக்கு வெளியே உள்ள ஆபத்து. உப்பா, கூலண்டா என்று தெரிந்துகொள்ள விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் பழைய மெக்கானிக்குகள் இருந்தார்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். உடலுக்குள் போனால் கல்லீரல் அதை வரிசையாகச் சிதைத்துக் கடைசியில் ஆக்சாலிக் அமிலமாக்குகிறது. அது கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக அடைக்கிறது. வளர்ந்த ஒருவருக்குச் சுமார் 100 மில்லிலிட்டர் உயிரை எடுக்கப் போதும், குழந்தைக்கு அதில் சிறு பங்கு. முதல் சில மணி நேரம் குடித்தவர்போலத் தள்ளாடுவதைத் தவிர வேறு குறி தெரியாமல் போகலாம். சிறுநீரகம் நிற்பது ஓரிரு நாள் கழித்து. இதன் உடன்பிறப்பான டை-எத்திலீன் கிளைக்கால் கலந்த இருமல் மருந்து, 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து போய், மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது. அங்கும் சிறுநீரகம்தான் முதலில் நின்றது. விழுங்கிவிட்டார் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அறிகுறிக்குக் காத்திருக்கக்கூடாது. சீக்கிரம் போனால் மாற்று மருந்து உண்டு. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையம் மருத்துவர்களுக்கு இதில் வழிகாட்டும்.

ஒழுக்கு சரியானபின் வடித்தெடுத்த 20 லிட்டர் பழைய கூலண்ட் மீதி இருக்கும். ஆற்றில் ஊற்றினால் கிளைக்கால் சில நாட்களில் சிதைந்துவிடும் என்பது உண்மைதான். சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதற்கு வேண்டிய உயிர்க்காற்றை நீரிலிருந்துதான் எடுக்கும். மீன் கூண்டுகள் நிற்கும், நீரோட்டம் மந்தமான இடத்தில் அது சின்ன விஷயமல்ல. அரிப்பில் கரைந்த செம்பும் ஈயமும் சிதைவதே இல்லை. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் எத்திலீன் கிளைக்கால் போன்ற வெப்பக் கடத்துத் திரவக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 327 என்ற குறியீடே இருக்கிறது. உரிமம் பெற்ற கழிவு நிறுவனம்தான் அதை எடுத்துச் செல்லலாம். சொந்தமாக ஏற்பாடு இல்லாத படகுக்காரர், சுங்கைப்பட்டாணியிலோ பீடோங்கிலோ கழிவெண்ணெயை முறையாகக் கொடுக்கும் பெங்கெல் எது என்று விசாரித்து அங்கே சேர்க்கலாம். அதுவரை மூடி இறுகிய பிளாஸ்டிக் தொங்கில், மேலே எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மினரல் தண்ணீர் போத்தலில் ஊற்றி ஜெட்டிப் பலகையில் வைப்பது வேண்டவே வேண்டாம். சிவப்புக் கூலண்டுக்கும் ரோஸ் சிராப்புக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது.